மணலில் இரண்டு கண்கள்

தண்ணீருக்குள் சிவப்புப் புகை. முழங்கால் ஆழத்தில், அப்பாவின் காலைச் சுற்றி, மெல்ல மெல்ல விரிகிறது.

அப்பா கத்தவில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. தூண்டில் கம்பு கையைவிட்டுப் போய்விட்டது.

"திருக்கை! சாருக்குத் திருக்கை அடிச்சிட்டு!"

கூட மீன் பிடிக்க வந்த செல்வின் மாமா எங்களை நோக்கி ஓடப் பார்க்கிறார். ஓட முடியவில்லை. இந்த மணல்திட்டில் யாரும் காலைத் தூக்கக் கூடாது. மணலைத் தேய்த்து, தேய்த்து, அழுகிற முகத்தோடு வருகிறார்.

தேய்த்து நட. நாக்கு மீன் பிடிக்க இந்த ஆற்றுமுகத்தில் இறங்கும் எல்லாருக்கும் அது ஒன்றுதான் விதி. நாக்கு மீன் படுக்கும் மணலில்தான் திருக்கையும் படுக்கும். காலைத் தேய்த்தால் அது விலகிப் போகும். தூக்கி வைத்தால் அதன் முதுகில் வைப்போம். வால்முள் நிமிரும்.

அப்பா ஓவிய வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன்காரர். பதினோரு வருடம் தேய்த்தே நடந்தவர்.

இன்று தூக்கினார்.

நான் சொன்னதால் தூக்கினார்.

வெயில் தண்ணீருக்கடியில் வலைபோல ஆடிக்கொண்டிருந்தது. அந்த வலைக்குள் இரண்டு கண்கள். மணலிலிருந்து வானத்தைப் பார்த்தபடி. நாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம்தான். அது எனக்குத் தெரியும். அது மட்டும்தான் தெரியும்.

பதினாறு வயதாகிறது. என் தூண்டிலில் ஒரு நாக்கு மீன்கூடப் பட்டதில்லை. காலையிலிருந்து செல்வின் மாமாவின் கேலி வேறு.

"ஏட்டி பிரின்சி, ஒன் தூண்டில் எறாலப் பாத்து மீனு சிரிக்கு. பேசாம அதையே கொழம்பு வச்சிரு."

அப்பா எனக்குப் பக்கவாட்டில் தேய்த்து வந்தார். மணல் கலங்கியது. என் மீன் ஓடிவிடும். என் முதல் மீன்.

"அப்பா, தேய்க்காதிய. மீனு கெடக்கு. தூக்கி வச்சு வாங்க."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்ப்பா."

அப்பா சிரித்தார். கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கினார்.

கண்கள் எனக்கு முன்னால் இருந்தன. உடம்பு அவ்வளவு பெரிதென்று தெரியாது. அப்பா கால் வைத்த இடம்வரை, மணல் என்று நான் நினைத்தது எல்லாம் திருக்கைதான்; அதற்கும் கண்கள் மேல்பக்கம்தான்.

அப்பாவைத் தாங்கிக் கொண்டுவந்து, கரையோர டீக்கடையில் செல்வின் மாமா வாளி கேட்டார்.

"வெந்நி ஊத்துங்க அண்ணாச்சி, தாங்குற சூட்டுல. வெசம் சூட்டுக்குத்தான் கேக்கும்."

டீக்கு வைத்திருந்த தண்ணீரைக் கடைக்காரர் வாளியில் கலந்தார். காலை உள்ளே விட்டதும் அப்பா கத்தினார். ஒரே ஒரு முறை. கடையில் இருந்த எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பிய. நீங்களே எப்படி சார் தூக்குனிய?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார்.

"கவனப்பிசகு, செல்வின்."

ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார். முள் ஒடிந்து குதிகாலுக்குள் நின்றுவிட்டதாம். எடுத்துவிட்டார்கள். சதைதான் சரியில்லை என்கிறார்கள்.

"காலைல கட்டப் பிரிச்சுப் பாப்போம்," என்றார் டாக்டர். "கறுத்துப்போயிருந்தா பாதத்த எடுக்க வேண்டி வரலாம்."

அம்மா அழவில்லை. திட்டினாள்.

"பேப்பர் திருத்தச் சொன்னா தூக்கம் வருது. கடல்னா மட்டும் கோழி கூவுறதுக்கு முன்னாடி முழிப்பு. அந்தக் கம்ப ஒடிச்சு அடுப்புல வைக்கேன், இருங்க."

"வையி," என்றார் அப்பா. "நான்தான பாக்காம மிதிச்சேன்."

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா, நான்தான். இரண்டு சொல். வாய்வரை வந்தது. அப்பா தலையை லேசாக அசைத்தார். வேண்டாம் என்று.

இப்போது இரண்டு பேரும் தூங்குகிறார்கள். போர்வைக்கு வெளியே அந்தப் பாதம். வெள்ளைக் கட்டு. உள்ளே என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது.

விடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அப்பா தலையை அசைத்தாலும் சொல்லிவிடுவேன். அது எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரியாதது வேறு. பதினோரு வருடம் தூக்காத கால். என் கண்ணை நம்பித் தூக்கினாரா, இல்லை, அங்கே நாக்கு மீன் இல்லை என்று தெரிந்தும், நான் ஆசைப்பட்டேனே என்று தூக்கினாரா?