முப்பத்தாறு புள்ளி நாலு

டன்லப் ஸ்திரீட்டில் அந்தக் கடைவீட்டு மாடிக்கு இருபத்திரண்டு படி. பதினோராவது படியில் சின்னராசு வழக்கம்போல நின்றுவிட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பின்னால் வந்த வெங்கடேஷ் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்தான். அந்த மூச்சுச் சத்தம் கேட்டாலே அவன் கண்ணை வேறெங்காவது திருப்பிக்கொள்வான். ஆறு வருஷமாக இதே பாசாங்குதான்.

கொரோனா வந்த வருஷம், ஊரைவிட்டுக் கட்டட வேலைக்கு வந்திருந்த இருவரும் ஒரே ஊழியர் விடுதியில், ஒரே அடுக்குக் கட்டிலில் கிடந்தவர்கள். மேலே வெங்கடேஷ், கீழே சின்னராசு. விடுதி வாசலை அடைத்த பிறகு தினம் இரண்டு வேளை உடம்புச் சூட்டைப் பார்த்துப் போனில் பதிய வேண்டும். முதலில் காய்ச்சல் வந்தது வெங்கடேஷுக்கு. கருவி காட்டியது முப்பத்தெட்டரை டிகிரி செல்சியஸ். அவன் பதிந்தது முப்பத்தாறு புள்ளி நாலு, காய்ச்சலே இல்லாதவன் சூடு. காய்ச்சல்காரர்களைப் பேருந்தில் ஏற்றிப் போனார்கள். எங்கே என்று அறையில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பயம்தான். மூன்றே நாளில் அவனுக்குச் சரியாகிவிட்டது. ஐந்தாம் நாள் சின்னராசுவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இருபது நாள் செயற்கை மூச்சு.

பத்து மாடி உயரச் சாரத்தில் ஏறி வேலை பார்த்த மனுஷன் இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுக்கிறான். "எந்தப் பாவி குடுத்தானோ" என்று அவன் சொல்லும்போதெல்லாம் வெங்கடேஷும் கூடச் சேர்ந்து "பாவி" என்பான். வெட்கங்கெட்ட வாய்!

மாடியில் நிரஞ்சனா மேசையைத் தயாராக வைத்திருந்தாள். பொங்கோல் பக்கத்துக்காரி, வங்கி உத்தியோகம், ஞாயிறானால் தமிழில் மாயக்கதை விளையாட்டு நடத்துகிற பைத்தியம். கதையை அவள் சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடப்பார்கள். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். சின்னராசு வைத்தியன், செங்காங்கிலிருந்து வரும் ருக்ஸானா வில்லாளி, வெங்கடேஷ் வாள்வீரன்.

"இன்னிக்கு ஊர்ல கொள்ளைநோய்," என்றாள் நிரஞ்சனா. "அப்பதான் கதை சூடு பிடிக்கும்லா."

எல்லாரும் வீட்டில் அடைந்திருந்த காலத்தில் அவள் கேக் சுடப் பழகினாள். அவளுக்குக் கொள்ளைநோய் என்றால் கதைதான். அதற்காக அவளைக் குறை சொல்ல முடியுமா?

ஆளுக்கொரு மடித்த சீட்டைக் கொடுத்தாள். "ஒருத்தருக்கு மட்டும் நோய். யார்கிட்டயும் காட்டாதீங்க. சொல்றதும் மறைக்கிறதும் உங்க இஷ்டம்."

வெங்கடேஷ் பிரித்தான். 'உங்களுக்குக் காய்ச்சல்.'

இன்னொரு முறை படித்தான். இத்தனை பேர் இருக்க, தேடி வந்து இவன் கையில்தான் விழ வேண்டுமா? சீட்டைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டான்.

கதையில் கோட்டை வாசலில் காவலன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறான். எல்லாரும் பகடை உருட்ட வேண்டும். நோயாளிக்கு எட்டுக்குக் கீழே விழுந்தால் மாட்டிக்கொள்வான். குறைவாக விழட்டும், வாய் திறக்காமலே தெரிந்துபோகட்டும் என்று வெங்கடேஷ் வேண்டிக்கொண்டான். பகடை வேர்த்த கையிலிருந்து வழுக்கி ஓடியது. பதினேழு.

"எல்லாரும் உள்ள வந்தாச்சு." நிரஞ்சனா முகத்தில் எதையும் காட்டவில்லை. "சத்திரத்துல ரெண்டு ரூம்தான் இருக்கு. ஒண்ணு ருக்ஸானாவுக்கு."

"இன்னொண்ணுல நானும் இவனும்," சின்னராசு சிரித்தான். "மேல் கட்டில் இவனுக்கு. பழக்கம்."

வெங்கடேஷ் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். "எனக்குக் காய்ச்சல்."

"ஐயோ அண்ணா, நீங்கதானா!" ருக்ஸானா கைதட்டினாள்.

"கதையில மட்டும் இல்ல." அவன் சின்னராசு பக்கம் திரும்பினான். "அப்பவும் எனக்குத்தான் முதல்ல வந்துச்சு, மாப்ள. முப்பத்தெட்டரை. முப்பத்தாறு புள்ளி நாலுன்னு போட்டுட்டேன்."

ருக்ஸானாவின் கைகள் அப்படியே நின்றன. சின்னராசு நிமிரவில்லை.

"கட்டில் ஆடுச்சுடா," என்றான். "ராத்திரி பூரா நீ நடுங்குனது கீழ படுத்திருந்தவனுக்குத் தெரியாதா?"

"தெரியுமா? அப்புறம் ஏன்டா..."

"காட்டிக்குடுக்க மனசு வரல. காலையில நீயே சொல்லுவியான்னு பார்த்தேன். ஆஸ்பத்திரிலேருந்து வந்ததும் சொல்லுவியான்னு பார்த்தேன். நான் பாவின்னு சொல்றப்பல்லாம் உன் மூஞ்சியத்தான்டா பார்த்தேன். நீயும் கூடச் சேர்ந்து பாவின்னு சொன்ன."

வெங்கடேஷ் மேசைமேல் கிடந்த சீட்டை எடுத்து மறுபடி மடித்தான்.

"அண்ணா, நிறுத்திடலாமா?" நிரஞ்சனா நோட்டை மூடப் போனாள்.

"வேணாம், ஆட்டம் நடக்கட்டும்." சின்னராசு பகடையை ஓரமாகத் தள்ளினான். "வைத்தியன் வெளிய வந்து ரூம் கதவைப் பூட்டுறான். இவன் உள்ள தனியாக் கிடக்கட்டும்."

"சரி," என்றாள் அவள், குரல் இறங்கி. "பூட்டியாச்சு."

வெங்கடேஷ் தலையைக் குனிந்துகொண்டான். நமக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தான்.

நிரஞ்சனா கதவு பூட்டியதை நோட்டில் குறித்தாள். பிறகு சின்னராசு மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டுக் கேட்டான்.

"அந்தக் கதவுக்கு அடியில சந்து இருக்கா?"

"எதுக்குண்ணா?"

"கஞ்சி தள்ளணும்ல."