அவருக்காக நான் பேச அனுமதி

என் வீட்டுக்காரருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியும். தச்சு வேலையில் கில்லாடி, பேச்சில் பூஜ்யம். இந்த மனுஷன்மேல் ஒரு கல்லூரி வாத்தியார் சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டார். இவர் செய்து கொடுத்த அலமாரிக் கதவு மூடவில்லையாம், முழுப் பணமும் திரும்ப வேண்டுமாம். தோற்றால் இழைக்கிற மெஷினை விற்க வேண்டும். அப்புறம் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அந்த நீதிமன்றத்தில் வக்கீல் கிடையாது. அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும். இன்னொருவர் பேசுவதானால் நீதிபதியின் அனுமதி வேண்டும். விடுவேனா நான்? ‘என் மனைவி எனக்காகப் பேச அனுமதிக்க வேண்டும், எனக்குப் பேச வராது’ என்று நானே மனு எழுதி நீட்டினேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நீதிபதி அம்மா மனுவைப் படித்துவிட்டு, என்ன பேசப் போகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். அது முதல் தரத் தேக்கு, தேக்குக் கதவு எங்கேயாவது மூடாமல் போகுமா என்று ஒரு பிடி பிடித்தேன். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“தேக்கு இல்லைங்க, மாமரம்,” என்றார் இவர். “அவர்கிட்ட சொல்லித்தான் செஞ்சேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் திறக்காத வாயை இங்கேயா திறக்க வேண்டும்? அவர் கைபட்டதெல்லாம் எனக்குத் தேக்குதான், அது ஒரு குற்றமா?

இவரோ நேரே வாத்தியாரிடம் போய், அலமாரி எந்தச் சுவரோரம் நிற்கிறது என்று கேட்டார். குளியலறைச் சுவர் என்றார் அவர். சுவரில் ஈரம் ஏறிப் பெயிண்ட் உரிவதையும் ஒப்புக்கொண்டார்.

“மரம் தண்ணி குடிச்சு உப்பியிருக்கு. ஒரு முழம் தள்ளி வைங்க. காய்ஞ்சதும் நானே வந்து சரி பண்றேன், காசு வேணாம். அப்பவும் மூடலைன்னா மெஷினை வித்தாவது முழுசாத் தர்றேன்.”

வாத்தியார் அதற்குச் சம்மதித்து வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நீதிபதி அம்மா சிரித்துக்கொண்டே என் மனுவில் எழுதினார்: ‘அனுமதி மறுக்கப்படுகிறது. இவருக்கு நன்றாகவே பேச வருகிறது.’

தோற்றுப்போனது என் மனு மட்டும்தான். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும், பதினெட்டு வருஷமாக ஏன் இப்படி வாயைத் திறக்கவில்லை என்று சண்டைக்கு நின்றேன்.

“நீ இதுவரைக்கும் எதையும் தப்பாச் சொன்னதில்லையே,” என்றார்.

இறங்கும்வரை எனக்குப் பேச்சே வரவில்லை.