ஏலக்காரரின் உள்ளங்கை

மார்ச் பதினான்காம் தேதி, காலை பத்தே கால். மழை விட்டும் தூவானம் விடவில்லை. புற்றுநோய்ப் பிரிவின் ஆலோசனை அறையில், மகளுக்கும் மைத்துனருக்கும் நடுவே ஏலக்காரர் அமர்ந்திருந்தார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். காய்கறிச் சந்தையில் அவர் அப்படித்தான் பிழைத்தார். அந்த வாயில் புகையிலையையும் அடக்கிவைத்தார். பாதி நாக்கை வெட்டி எடுத்து நான்கு வாரமாகிறது. பேச முயன்றால் சொல்லுக்கு முன் எச்சில் வந்துவிடுகிறது.

கழுத்து நெறிக்கட்டியிலும் நோய் பரவியிருந்ததாக மருத்துவர் தெரிவித்தார். இரண்டு வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்க வேண்டும். தள்ளிப்போட்டால் நோய் திரும்பக்கூடும். இதை அவர் மகளிடம் சொன்னார். மகள் மாமாவைப் பார்த்தாள். நோயாளியை எவரும் பார்க்கவில்லை.

கதிர்வீச்சில் தொண்டை வெந்து செத்தவர்களையும், வேரும் பட்டையும் தின்று எழுந்து நடந்தவர்களையும் மைத்துனர் வரிசையாகச் சொல்லி முடித்தார்.

"மச்சான் தாங்கமாட்டாரு டாக்டர். இப்பவே அரை உசுரு. வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறோம்."

ஏலக்காரர் உள்ளங்கையை விரித்து உயர்த்தினார்.

"பாத்தீங்களா, அவரே போதும்ங்கறாரு."

மகள் மறுப்புப் படிவத்தை நிரப்பத் தொடங்கினாள். சந்தையில் ஏலக்காரரின் அந்தக் கைக்கு ஒரே பொருள்: ஏலம் முடியவில்லை, பொறு. இங்கோ அவர் உயிரை அடிமாட்டு விலைக்கு முடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மகளின் மணிக்கட்டைப் பற்றி, அவள் முகத்துக்கு நேரே கையை மறுபடி விரித்தார்.

அந்தக் கைக்குச் சந்தையே அடங்குவதைப் பார்த்தவள் அவள். எழுதுவதை நிறுத்தினாள்.

"இன்னும் முடியலைங்கறீங்களாப்பா?"

தலையசைத்தவர், பேனாவை வாங்கிப் படிவத்தின் ஓரத்தில் எழுதினார்: 'செஞ்சா நிச்சயம் பிழைப்பேனா?'

மருத்துவர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "நிச்சயம்னு சொல்லமாட்டேன் ஐயா. வாய்ப்பு நல்லா கூடும். வாய் புண்ணாகும், கொஞ்ச நாள் குழாய் வழியா சாப்பாடு போக வேண்டியிருக்கும்."

ஏலக்காரர் சிறிது யோசித்தார். பிறகு எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்துவிட்டு, மேசையில் இருந்த சம்மதப் படிவத்தை இழுத்துக் கையெழுத்திட்டார்.

"புரிஞ்சுதான் போடறாரா?" என்றார் மைத்துனர்.

"அவருக்கு எப்பவும் புரிஞ்சுது மாமா. ஆஸ்பத்திரில நாக்கைத்தான் எடுத்தாங்க. அவர் வார்த்தையை எடுத்தது நாமதான். நோய் யாருக்கோ, முடிவும் அவருக்குத்தான் சொந்தம். பேச முடியாதவர்கிட்டதான் முதல்ல கேக்கணும்."

மகள் தாளுக்காகக் கை நீட்டினாள். ஏலக்காரர் அதை அவளிடம் தரவில்லை. எழுந்து, தாமே மருத்துவரின் கையில் கொடுத்தார்.