வேக அட்டை

வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எண்ணூர்க் கொதிகலன் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் மட்டும் ஊட்டிக் குளிர். ஹில்டா சால்வையைப் போர்த்திக்கொண்டு, தான் எழுதிய புரோகிராமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு ஒரு கொதிகலனைக் கிரேனில் தூக்கப் போகிறார்கள். எந்தக் கொக்கியில் எத்தனை டன் என்று அவள் புரோகிராம் சொல்லும், அதற்குத் தக்க வடம் மாட்டுவார்கள். மாட்டிவிட்டுக் கீழேயே நிற்பவன் அவள் தம்பி லியோனார்ட்.

காலையில் அச்சான விடை இடம் ஒன்பது, வலம் ஒன்பது. அது கிரேன்காரர்களுக்குப் போய்விட்டது. பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. இரண்டு கூட்டலுக்கும் நடுவில் ‘வந்ததை அச்சிடு’ என்று ஒரு வரி சேர்த்தாள். வலம் பதினாலு ஆனது! வரியை எடுத்தாள். பழையபடி ஒன்பது.

"உள்ள பேய் கீதும்மா," என்றார் மெஷின் ஓட்டும் ஜஹாங்கீர் பாய். "நீ பாத்துகினு இருந்தா ஒழுங்கா கூட்டுது."

"பேஜாரு பண்ணாதீங்க பாய்."

எதை நம்புவது? பையிலிருந்த செபமாலையை எடுத்தாள். மெஷின் இரைச்சல் கடலிரைச்சலாகித் தாலாட்டியது. கண் சொக்கியது. நெட்டுக்குப்பத்துக் கழிமுகத்தில் கொதிகலன்கள் எடையே இல்லாமல் மிதந்து போயின, அவற்றின்மேல் அவள் மணி மணியாக நடந்துபோனாள். சட்டென்று விழித்துப் பார்த்தால், ஒரு மங்கள வார்த்தை செபத்துக்கு விரல் இரண்டு மணியைத் தள்ளியிருந்தது.

அடிப்பாவி! மாதாவிடமே ஏமாற்று வேலையா?

அப்போதுதான் உறைத்தது. புரோகிராமை மெஷின் பாஷைக்கு மாற்றும் கம்பைலருக்கு, வேகத்தைக் கூட்டச் சொல்லி ஒரு துளையிட்ட அட்டை வைத்திருந்தாள். இடப்பக்க எடைகள் ஒரு கட்டு அட்டையில், வலப்பக்கத்தவை இன்னொரு கட்டில். இரண்டுக்கும் அவள் எழுதியது ‘அடுத்த கட்டைக் கூட்டு’ என்ற ஒரே கட்டளை. ஒரே வார்த்தைக்கு ஒரே விடைதானே என்று அந்தச் சோம்பேறிக் கம்பைலர் ஒருதரம் கூட்டி இரண்டு இடத்திலும் போட்டுவிட்டது. நடுவில் அச்சிடும் வரி குறுக்கிட்டபோதுதான் ஒழுங்காக இரண்டுதரம் கூட்டியது. இதுவரை தூக்கியவையெல்லாம் இருபக்கமும் சமமானவை, அதனால் குட்டு வெளிப்படவில்லை.

"பாய், வேக அட்டையை எடுத்துடுங்க. முழுசும் புதுசா கம்பைல் பண்ணணும்!"

"ஒரு மணி நேரம் புடிக்கும்மா." சரிபார்த்த காகிதம் கையில் இல்லாமல் கிரேனை யாரும் நிறுத்தமாட்டார்கள்.

மூன்று ஐம்பதுக்குக் காகிதம் வந்தது. வலம் பதினாலு. பிடுங்கிக்கொண்டு கிரேனடிக்கு ஓடினாள், செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாது.

"நிறுத்துங்க!"

"இன்னாக்கா, இப்டி ஓடியார?" என்றான் லியோனார்ட்.

"எந்த வடம்டா போட்ட?"

"ரெண்டும் பத்து டன்னு வடம்தான்."

"வலப்பக்கம் பதினாலுடா! பெரிய வடத்த மாத்து. நீ எங்க நின்ன?"

அவன் வலக் கொக்கிக்கு நேர் கீழே கைகாட்டினான்.

"மத்தவங்க கணக்குன்னா தள்ளி நின்னுருப்பேன். இது உன் கணக்காச்சே."

ஹில்டாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்து, இனி யார் கணக்குக்கும் அடியில் நிற்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். "என் கணக்குக்குந்தான்டா," என்றாள்.