இல்லாத தங்கை ரமோனா

சுனில்தாவின் சிகிச்சை முடிந்ததைக் கொண்டாட ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து வைத்தார்கள். கணவன் வில்ஃப்ரீதோ கொல்லைப்புற மாமரத்தடியில் நெருப்பு மூட்டி விலாக்கறி சுட்டான். மகள் மிர்னா பெரிய தட்டு நிறைய, சோளமும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட சிப்பா குவாசு செய்துகொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கிதாரோடு வந்து உட்கார்ந்தார். வந்தவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: முடிந்துபோச்சு, நீ ஜெயிச்சுட்டே. சுனில்தாவும் சிரித்தபடி தலையாட்டினாள்.

முடிந்தது என்னவோ உண்மைதான். ஒரு மார்பை எடுத்தாகிவிட்டது. மருந்து ஏற்றினார்கள், கதிர் பாய்ச்சினார்கள், உதிர்ந்த முடி கட்டைவிரல் நீளத்துக்குத் திரும்ப முளைத்திருந்தது. மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டர் கைகுலுக்கி அனுப்பினார். அந்தக் கைகுலுக்கல்தான் அவளைப் பயமுறுத்தியது. ஏறக்குறைய ஒரு வருஷமாக யாராவது ஒருவர் அவள் ரத்தத்தைப் பார்த்தார், அக்குளைத் தொட்டுப் பார்த்தார், நேற்று சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இனி மூன்று மாதத்துக்கு அவளை யாரும் பார்க்கப் போவதில்லை. புற்று திரும்பி வந்தால் முதலில் கண்டுகொள்ள வேண்டியவள் அவளே.

லூக்கே ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். மறுபடியும் வேலையைத் தொடங்கினாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "கிளட்சை மெதுவா விடு, அவசரம் என்ன, யாரும் துரத்தலையே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதுகில் ஒரு பிடிப்பு வரும். எலும்புக்குப் போயிருக்குமோ என்று தோன்றும். மாணவன் சிவப்பு விளக்கைத் தாண்டுவது கண்ணில் படாது.

வீட்டில் சொல்லிப் பார்த்தாள். வில்ஃப்ரீதோ கெட்டவனில்லை. சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை தைப்பவன் அவன். அறுவைக்குப் பிறகு கையைக் கீழே தொங்கவிட முடியாமல் அவள் தவித்தபோது, அக்குளில் வைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை தைத்துக்கொடுத்தான். ஆனால் அவள் வாயைத் திறந்ததும் அவன் முகம் வெளிறிவிடும். "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே சுனி, நல்லதை நினை" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவான். மிர்னாவோ அம்மாவைச் சிரிக்கவைக்கப் பார்ப்பாள்.

வெயில் நேரத்தில் மாமரத்தடியில் தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைத் தேநீர் குடிக்க எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல், கைமாறிக் கைமாறி வரும். மருந்து ஏற்றிய காலத்தில் மற்றவர் வாய் வைத்ததில் குடிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், சுனில்தாவுக்கென்று தனிக் குவளை வந்தது. இப்போது அந்தத் தடை இல்லை. ஆனாலும் மிர்னா மறக்காமல் தனிக் குவளையில்தான் நிரப்பித் தந்தாள். பாசத்தோடு தருவதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வட்டத்தின் நடுவில் உட்கார்ந்து தனியாகக் குடித்தாள்.

சிகிச்சை நடந்தபோது செவ்வாய்க்கிழமைகளில்தான் அவளுக்கு மருந்து ஏற்றினார்கள். நவம்பரில் ஒரு செவ்வாயன்று, வகுப்பு இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறினாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. புற்றுநோய்ப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில், சுவரோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையில் துணி கட்டிய பெண்கள், மடியில் பையோடு தூங்குபவர்கள், மருந்து வாடை. பல வாரங்களுக்குப் பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய உடம்புக்காரர், யாருக்குத் துணையாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பதில் வாயில் தயாராக இருந்தது போல வந்தது.

"தங்கச்சிக்கு. உள்ள மருந்து ஏறுது. ரமோனான்னு பேரு."

அவளுக்குத் தங்கையே கிடையாது.

அவர் பெயர் கிரிஸ்பின். காக்குப்பே பக்கம், மாட்டு லாரி ஓட்டுகிறவர். வயிற்றில் கட்டி. அன்றுதான் முதல் தடவை, துணைக்கு யாரும் வரவில்லை. உடன்பிறந்தாருக்கெல்லாம் வேலை இருக்கிறது என்றார். மருந்து ஏறும்போது எரியுமா, வீட்டுக்குத் தனியாகப் போக முடியுமா என்று கேட்டார். தங்கை சொன்னதாகச் சொல்லிச் சொல்லி, தனக்கு நடந்ததையெல்லாம் சுனில்தா சொன்னாள். வாயில் இரும்பு ருசி தட்டும், எலுமிச்சை பிழிந்த ஐஸை வாயில் வைத்துக்கொண்டால் தேவலை. மூன்றாம் நாள்தான் மோசம். அப்போது அழுகை வந்தால் அது மருந்தின் வேலை, உங்கள் கோழைத்தனமில்லை.

"ரமோனாவுக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"ரொம்ப. யார்கிட்டயும் சொல்லமாட்டா."

அதன்பின் செவ்வாய்தோறும் போனாள். கிரிஸ்பின் ஒவ்வொரு முறையும் முதலில் ரமோனாவைத்தான் விசாரிப்பார். ரமோனாவுக்குத் தூக்கமில்லை, ரமோனா கண்ணாடி பார்ப்பதில்லை, ரமோனாவின் புருஷன் நல்லவன் ஆனால் கேட்கமாட்டான். இப்படித் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டியதையெல்லாம் இல்லாத ஒருத்தியின் தலையில் ஏற்றிச் சொன்னாள். சொல்லிவிட்டுப் போகும் அன்றைக்கு மட்டும் தூக்கம் வந்தது.

டிசம்பர் தொடங்கியதும், தேசமே காக்குப்பே மாதாவைப் பார்க்க நடந்து போகிற வாரத்தில், கூடம் பாதி காலியாக இருந்தது. நர்ஸ் நிமியா வெளியே வந்தவள் அவளைப் பார்த்துவிட்டாள். சிகிச்சைக் காலம் முழுக்க அவளுக்கு ஊசி குத்தியவள்.

"சுனில்தாம்மா! உங்களுக்குத்தான் முடிஞ்சுபோச்சே, இங்க என்ன பண்றீங்க? திரும்பவும் ஏதாச்சும்…?"

நிமியா கரிசனத்தோடுதான் கேட்டாள். கிரிஸ்பின் தலையைத் திருப்பி சுனில்தாவின் குட்டை முடியையும், ஒரு பக்கம் தட்டையாக இருந்த சட்டையையும் முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். சுனில்தா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ் நிறுத்தம் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு போகவில்லை. அடுத்த செவ்வாய் வீட்டிலேயே இருந்தாள். துணி மடித்தாள், மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். அன்று சாயங்காலம் வில்ஃப்ரீதோ பட்டறையிலிருந்து பசைக் கையோடு வந்து எதிரில் நின்றான். எதிர்வீட்டுக்காரி ஏதோ சொல்லியிருக்கிறாள்.

"செவ்வாக்கிழமை உனக்கு வகுப்பே கிடையாதாமே. எங்க போறே சுனி?"

"ஆஸ்பத்திரிக்கு."

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். திரும்பவும் வந்துவிட்டதா என்று கேட்டான். இல்லை என்றாள். பின்னே எதற்கு என்றான். அங்கே உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறது என்றாள்.

"இங்க நாங்க உன்னைச் சரியா பாத்துக்கலையா?"

அவன் கோபப்பட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது. பதிலுக்குக் காத்திராமல் பட்டறைக்குப் போய்விட்டான். தையல் மெஷின் ஓடும் சத்தம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மனநல ஆலோசகர் என்று ஒரு பெண் பேசினாள், பெயர் கிரேத்தா. நிமியா சொல்லித்தான் கூப்பிடுகிறேன் என்றாள். நோய் முடிந்தபிறகு இங்கே வந்து உட்காருகிற ஆள் நீங்கள் மட்டுமில்லை, சிலர் வாசல் வரை வந்து நின்றுவிட்டுப் போகிறார்கள் என்றாள். சிகிச்சை முடிந்தவர்கள் வியாழக்கிழமைதோறும் மாடி அறையில் கூடுகிறார்களாம். சுனில்தா பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வைத்தாள். அடுத்த வியாழனன்று போனாள்.

மாடிக்குப் போகும் வழியில்தான் மருந்து ஏற்றும் அறை. கதவு திறந்திருந்தது. நாள் மாற்றிக் கொடுத்திருந்தார்கள் போல, சாய்வு நாற்காலியில் கிரிஸ்பின். பாதி ஆளாகியிருந்தார். கடந்து போய்விடலாம் என்று நினைத்தவள் போய் எதிரில் நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க, கிரிஸ்பின் ஐயா. எனக்குத் தங்கச்சி யாரும் கிடையாது."

"தெரிஞ்சுபோச்சே." குழாய் குத்தாத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த வருஷம் என்னால நடக்க முடியல. மச்சானை மாதா கோயிலுக்கு நடக்க வெச்சேன். எனக்காக ஒரு மெழுகுவத்தி, ரமோனாவுக்காக ஒண்ணு. அவன் வேற, யாருடா அந்த ரமோனா, சின்னவீடான்னு கேட்டுக் கேட்டு உசிரை வாங்குறான்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மெழுகுவத்தி வீணாகிவிட்டதே என்றாள்.

"எதுக்கு வீணாகுது? யாருக்குன்னு மாதாவுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றவர், "உங்களுக்கு நடந்ததைத்தானே சொன்னீங்க? எலுமிச்சை ஐஸ் நெசமாவே கேட்டுச்சு" என்றார்.

மாடி அறையில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். கிரேத்தா மிர்னாவைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தவில்லை. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், தினமும் காலையில் கழுத்தைத் தடவிப் பார்த்துப் பார்த்துத் தோல் புண்ணாகிவிட்டது என்றார். சுனில்தாவின் முறை வந்தபோது ரமோனா இல்லாமல் பேசிப் பார்த்தாள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. அதுவே போதும் என்று யாரும் சொல்லவில்லை. அவள் நிறுத்தியதும் அடுத்தவர் தொடங்கினார். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஜனவரியில் பரிசோதனை. ஒன்றுமில்லை என்றார்கள். வில்ஃப்ரீதோ மறுபடி கறி சுட்டான். மிர்னாவின் கணவன் பீர் கோப்பையைத் தூக்கி அத்தையின் ஆரோக்கியத்துக்கு என்றான்.

"எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு," என்றாள் சுனில்தா.

மிர்னா தட்டைப் பார்த்தாள். யாரோ ரொட்டியை நகர்த்தினார்கள். பிறகு கால்பந்தைப் பற்றிப் பேச்சு தொடங்கியது. சுனில்தா எழுந்து தட்டுகளைச் சமையலறைக்கு எடுத்துப் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். வெளியே சிரிப்பது கேட்டது.

வில்ஃப்ரீதோ பின்னால் வந்து துடைக்கும் துணியை எடுத்தான். ஒரு தட்டை ரொம்ப நேரம் துடைத்தான்.

"எப்பல்லாம் வருது, அந்தப் பயம்?"

அவள் சொல்லத் தொடங்கினாள். முதுகுப் பிடிப்பை, கண்ணாடியை, காலையில் கண் விழிக்கிற அந்த நிமிஷத்தை. பாதி வரைக்கும் கேட்டான். அதற்குமேல் முடியாமல், திங்கட்கிழமை தரவேண்டிய ஒரு சோபாவைப் பற்றிப் பேசினான். அவள் நிறுத்திக்கொண்டாள். மீதியை வியாழக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தபடி அடுத்த தட்டைக் கழுவி அவனிடம் நீட்டினாள்.