ஒரே புளோயர்
நூற்றாண்டு கண்ட அரசாங்கக் கப்பல் கட்டும் தளத்தில், காற்று ஊத ஒரே புளோயர், கட்ட இரண்டு கப்பல் என்றால் சண்டைக்குக் கேட்கவா வேண்டும்? பயணிகள் கப்பலின் தொட்டிக்குள் வெல்டர் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது காற்று நின்றுபோனது. புகையில் நெஞ்சு அடைக்க, இருமிக்கொண்டே மேலே ஏறினான். பக்கத்துப் போர்க்கப்பலின் ஃபோர்மேன், அவன் பெண்டாட்டியின் அண்ணன், புளோயரை இழுத்துக்கொண்டிருந்தான்.

“உள்ள நான் வேல பாக்குறேன் மச்சான்!”

“போர்க்கப்பல்தான் முதல்ல, மாப்ள. மூச்ச அடக்கிக்கோ.”

“நான் செத்தா உன் தங்கச்சிக்கு யாரு சோறு போடுவா?”

“இப்ப மட்டும் நீயா போடுற?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெல்டர் புளோயரைப் பிடுங்கி வந்து, அதன் இரும்புக் கால்களைப் பயணிகள் கப்பலின் டெக்கோடு சேர்த்துப் பற்றவைத்தான்.

“இப்ப எடுத்துட்டுப் போ, கப்பலையும் சேத்து” என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினான்.