குதிரைக் காரின் கயிறு

காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அந்தோணியாரின் வேலை. மூக்குத்தி தொலைந்தது, ஆடு தொலைந்தது என்று ஊரார் அவர் முன்னால் போய் நிற்பார்கள். ஞானமேரி மட்டும் இரண்டு வருஷமாகத் தலைகீழாக வேண்டிக்கொண்டிருந்தாள். "சாமி, எங்க வூட்டு வாசல்ல நிக்கிற காரு காணாமப் போவணும். கையத்தண்டி மெழுகுவத்தி ஏத்தறேன்." அந்தோணியாருக்கே இது புது வழக்கு. அதனால்தானோ என்னவோ தீர்ப்பு இழுத்துக்கொண்டே போனது.

தர்மபுரியிலிருந்து சேலம் போகிற ரோட்டில் அவள் புருஷன் சவரியின் லாரிப் பட்டறை இருந்தது. பட்டறைக்குப் பின்னால் வீடு. நடுவில் அந்தக் கார். அறுபத்தெட்டாம் வருஷத்து அமெரிக்க வண்டி, பெயர் மஸ்டாங். முகப்பில் ஒரு குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும். அதனால் ஊருக்கு அது குதிரைக் காரு. யாரோ ஒரு வெள்ளைக்காரர் மெட்ராசில் விட்டுப்போனதைச் சேலத்து மில்காரர் ஒருவர் ஏலத்தில் எடுத்தார். ஒருநாள் இன்ஜின் இறுகிப்போய்ச் சவரியின் பட்டறையில் தள்ளிவிட்டுப் போனவர், "நீயே வச்சுக்கப்பா" என்று ஆர்.சி. புத்தகத்தையும் அனுப்பிவிட்டார். நாலு வருஷம் அது புளியமரத்தடியில் கிடந்தது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது. அந்த நாட்களில் ஞானமேரிக்குக் காரின் மேல் ஒரு குறையும் இல்லை. கோழி வளர்க்கிற காரால் யாருக்கு என்ன கெடுதல்?

பிறகுதான் சவரிக்குப் பித்துப் பிடித்தது. லாரி வேலை முடிந்ததும் காருக்கு அடியில் புகுந்தால் காலிரண்டு மட்டும் வெளியே தெரியும். சோறு வேண்டுமா என்று அவள் அந்தக் காலிடம்தான் கேட்பாள். டிங்கர் வேலைக்கு அப்துல் சுபான் வந்தார். துருப்பிடித்த தகட்டையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, அப்பளம்போல நசுங்கிக் கிடந்த கதவைத் தட்டித் தட்டியே நிமிர்த்தினார். கிடைக்காத பாகத்துக்கு மெட்ராஸ் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் மூன்று நாள் அலைந்தார்கள். அங்கும் கிடைக்காததைத் தாங்களே லேத்தில் கடைந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து, எண்பத்து நாலில், ரத்தச் சிவப்பில் பெயின்ட் அடித்த கார் உறுமிக்கொண்டு எழுந்தது. ஓட்டில் இருந்த காக்கையெல்லாம் பறந்தன. ஞானமேரியும் அன்றைக்குக் கை தட்டினாள். பொய் சொல்லக்கூடாது.

கைதட்டல் அவளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தொப்பூர் கணவாயின் மேட்டில் டீக்கடை வைத்திருந்த கிருஷ்ணப்பன், "அடிவாரம் போயி மேல ஏறி வர எத்தினி நிமிசமாவும்?" என்று ஒருநாள் கேட்டு வைத்தான். அன்று பிடித்தது சனி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாலு மணிக்கு சவரி காரை எடுப்பான். கிருஷ்ணப்பன் வாட்சைக் கையில் பிடித்துக்கொள்வான். லாரி டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிற்பார்கள். லாரிகளே பிரேக்கை மிதித்துக்கொண்டு, 'ஆத்தா காப்பாத்து' என்று இறங்குகிற கணவாய் அது. மாதத்துக்கு ஒரு லாரியாவது பள்ளத்தில் கிடக்கும். அதில் இவன், இடதுபக்க ஸ்டியரிங் வைத்த காரில், நாற்பத்தைந்து வயதில், வாட்சுக்கு எதிராக ஓட்டினான்.

முதல் ஞாயிறே ஞானமேரி தன் செபமாலையைக் கழற்றிக் காரின் கண்ணாடியில் தொங்கவிட்டாள். அதன் பிறகு அவள் விரலில்தான் அருள்நிறைந்த மரியே எண்ணினாள். இரண்டு மைலுக்கு முன்பே அந்த இன்ஜின் சத்தம் கேட்கும். அது காதில் விழுகிறவரை எண்ணிக்கொண்டே இருப்பாள். கேட்டதும் எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல அடுப்பைப் பற்றவைப்பாள். ஒவ்வொரு ஞாயிறும் தாலியறுத்து, ஒவ்வொரு ஞாயிறும் திரும்பக் கட்டிக்கொள்கிற பிழைப்பு. அழுது பார்த்தாள், சண்டை போட்டாள், ஒரு தடவை சாவியை அரிசிப்பானையில் ஒளித்தும் வைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு. திரும்பி வந்த சவரி மூன்று சொம்புத் தண்ணீர் குடித்தான். இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலை அவனாகவே, "வித்துரலாம் புள்ள" என்றான். தன் வாய்க்குக் கிடைத்த வெற்றி என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அடுத்த ஞாயிறும் நாலு மணிக்குக் காரை எடுத்துவிட்டான். அதற்கடுத்ததும்.

செய்தி பரவி, முதலில் சேலத்து விசைத்தறி முதலாளியின் மகன் வந்தான். இருபத்திரண்டு வயது, கறுப்புக் கண்ணாடி. பணத்தைப் பையிலேயே கொண்டுவந்திருந்தான். சவரி அவனைக் காரைச் சுற்றிவரச் சொல்லிவிட்டு, "கியர் பாக்ஸ் போயிருச்சுங்க தம்பி. என்னிக்குக் கழண்டு உளும்னு சொல்ல முடியாது" என்றான். ஞானமேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெண்ணெயில் கத்தி போவதுபோலக் கியர் விழுகிறது என்று முந்தின நாள்தான் சுபான் பாயிடம் பீற்றிக்கொண்ட வாய் அது. பையன் போய்விட்டான். அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து ரேஸ் ஓட்டுகிற ஒருவர் வந்தார். அவரிடம், "பிரேக்கு நம்பறதுக்கில்லீங்க" என்றான். அவரும் போய்விட்டார்.

"விக்க மனசில்லேன்னா நேரா சொல்லித் தொலைங்களேன்! ஊரக் கூட்டி வச்சு எதுக்கு இந்தக் கூத்து?" என்று அவள் கத்தினாள். சவரி காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

இந்த ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு பழைய ஃபியட் நின்றது. டிரைவர் கதவைத் திறக்க, அறுபது வயது தாண்டிய பெரியவர் ஒருவர் இறங்கினார். நஞ்சுண்டையா, பெங்களூரில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானமேரி முந்திக்கொண்டாள். மூன்றாவது ஆளையும் கெடுக்க விடக்கூடாது என்று பூசையிலேயே தீர்மானம் செய்துவிட்டாள். "என்னங்க, பெரியவருக்கு சோடா வாங்கியாங்க. பக்கத்துக் கடை வேணாம், டவுன்லயே வாங்குங்க" என்று புருஷனை சைக்கிளில் துரத்திவிட்டாள்.

பிறகு காரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். தெரியாததையும் சொன்னாள். சுபான் பாய் பக்கத்தில் நின்று, அவள் பெட்ரோல் டேங்க் என்று காட்டியது டிக்கி என்பதைக்கூடத் திருத்தாமல் தலையாட்டினார். டாக்டர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் குதிரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமெரிக்காவுல நான் வேலை பாத்த ஆஸ்பத்திரி எதிர்ல இதே மாதிரி ஒண்ணு நிக்கும்மா. தினம் பாப்பேன். அப்போ கைல காசு இல்லே" என்றார். "ஓனர் வரட்டும். அவர்கிட்டேயே பேசிடறேன்."

ஞானமேரி அவசரமாக ரோட்டை எட்டிப் பார்த்தாள். அதற்குள் சவரியும் வந்துவிட்டான். பக்கத்துக் கடையிலேயே சோடா வாங்கியிருந்தான்.

"இத யாருங்க ஓட்டப் போறீங்க?" என்று கேட்டான்.

"நான்தான். ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் ஆயிருக்கு. முப்பதுக்கு மேல போனா எங்க வூட்டம்மா எறங்கி நடந்தே போயிடுவா."

"பசங்க?"

"ரெண்டும் பொண்ணு. மாப்பிள்ளைங்க ஸ்கூட்டருக்கே ஹெல்மெட் போடற ஜாதி. ஞாயித்துக்கிழமை காலைல லால்பாக் வரைக்கும் ஒரு ரவுண்டு. அப்புறம் தொடச்சு மூடி வச்சிடுவேன். அஷ்டே, அவ்வளவுதான்."

சவரி சோடாவை உடைத்து அவர் கையில் கொடுத்தான். ஞானமேரி அடுத்த பொய்க்குக் காத்திருந்தாள். இன்ஜின் போயிற்று என்பானா, டயர் வெடிக்கும் என்பானா?

"கியர் பாக்ஸ் புதுசு மாதிரிங்க" என்றான் சவரி. "பிரேக்கு மிதிச்சா மிதிச்ச எடத்துல நிக்கும். ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க."

ஞானமேரி சுபான் பாயைப் பார்த்தாள். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். விலை ஒரே பேச்சில் முடிந்தது. காகிதங்களில் கையெழுத்தாகி முடிய மத்தியானம் இரண்டு மணி ஆயிற்று. டாக்டர் கையை நீட்டினார். சவரி சாவியை எடுத்தான், எடுத்தவன் கையை மூடிக்கொண்டான்.

"மாட்ட வித்தா கயித்தக் குடுக்கற வழக்கமில்லீங்க" என்றான்.

டாக்டருக்குப் புரியவில்லை. சுபான் பாய்தான் விளக்கினார். இவர்கள் பக்கத்துக் குடியானவர்கள் மாட்டை விற்றால், கழுத்துக் கயிற்றை அவிழ்த்து வீட்டில் வைத்துக்கொண்டு வெறும் மாட்டைத்தான் கொடுப்பார்கள். வாங்குகிறவன் தன் கயிற்றைப் போட்டு ஓட்டிப்போக வேண்டும். கயிற்றையும் கொடுத்தால் பட்டியின் அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும். பாப்பாரப்பட்டிச் சந்தையில் சவரியின் அப்பா அப்படித்தான் விற்றார். ஞானஸ்நானம் வாங்கியபோது பழையதெல்லாம் விட்ட குடும்பம், கயிற்றை மட்டும் விடவில்லை.

"சரிப்பா, நான் எந்தக் கயித்தப் போட்டு ஓட்டிட்டுப் போறது?" என்றார் டாக்டர். சிரித்துத்தான் கேட்டார். ஆனால் சவரி சிரிக்கவில்லை. மூடிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஏழு வருஷம் அடியில் படுத்த காரை ஒரு நொடியில் விடச் சொன்னால் எந்தக் கை திறக்கும்? அவளுக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. பாவம் பார்த்தால் வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த கதையாகிவிடும். நாலு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

அவள் போய்க் காரின் கதவைத் திறந்தாள். கண்ணாடியில் தொங்கிய செபமாலையைக் கழற்றிக்கொண்டு வந்து சவரியின் மற்றொரு கையில் வைத்தாள்.

"இதாங்க கயிறு. நான் கட்டுனது. இது நம்ம வூட்டுலயே இருக்கட்டும். சாவியக் குடுங்க."

சவரி அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சாவி கை மாறியது.

டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சின்னப் பையனைப்போலச் சிரித்தார். ஃபியட்டை டிரைவர் பின்னால் ஓட்டிவர, கார் கிருஷ்ணகிரி ரோட்டைப் பார்த்து மாட்டுவண்டி வேகத்தில் நகர்ந்தது. தொப்பூருக்கு நேர் எதிர்த்திசை. பால்கேன் கட்டிய சைக்கிள்காரன் ஒருவன் மணியடித்து அதை முந்திப் போனான்.

"பாத்தியா, சைக்கிள்காரன் முந்தறான்" என்று சவரி சொன்னான். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அந்த ரெண்டு பேருகிட்ட எதுக்கு அப்படிப் பொய் சொன்னீங்க?" என்று அவள் கேட்டாள். இப்போது அவள் குரலில் கோபமே இல்லை.

அவன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "போன மாசம் எறக்கத்துல ஒரு வளைவு. திரும்பறேன், முன்னால ஒருத்தன் சைக்கிளத் தள்ளிக்கிட்டு வர்றான். பின்னால கேரியரப் புடிச்சுக்கிட்டு பொஞ்சாதி. முன்கம்பியில ஒரு கொழந்த. ஒரு சாண், மேரி. ஒரே சாண். அந்தக் கொழந்த என்னப் பாத்து டாட்டா காட்டுச்சு."

ஞானமேரியும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கீழ போயி நிறுத்தினேன். செபமாலையத் தொட்டுக் கும்பிட்டேன். எந்தப் பையன்கிட்ட குடுத்தாலும் அவன் அங்கதான் போவான். அதான்."

"அதுக்கப்புறமும் மூணு ஞாயித்துக்கிழம போனீங்களே, மனுசனா நீங்க?"

"மெதுவாத்தான் போனேன். கிருஷ்ணப்பன் வாட்சத் தட்டித் தட்டிப் பாக்கறான். அம்பது பேரு நிக்கறாங்க. பயந்துட்டேன்னு எப்படிச் சொல்றது? வண்டிய வித்துட்டேன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்பாடான்னு இருக்குது புள்ள. சத்தியமா."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இரண்டு வருஷம் இந்த மனிதனின் தைரியத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். அவன் பயந்திருக்கிறான் என்று தெரிந்தபிறகுதான் அவளுக்குப் பயம் போனது.

நாலரை மணிக்கு ஒரு லாரி வந்து வாசலில் நின்றது. டிரைவர் தர்மன் தலையை நீட்டினான். "அண்ணா, அங்க ஜனம் காத்துக் கெடக்குது. கிருஷ்ணப்பன் பாத்துட்டு வரச் சொன்னாரு. வண்டி எங்க?"

"வித்துட்டேன் தர்மா" என்றான் சவரி.

"அடப்பாவமே! மனசு எப்படிண்ணா வந்துச்சு?"

சவரி துக்க வீட்டுக்காரனைப்போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "என்ன பண்றது தர்மா? எல்லாம் அப்படித்தான்." கதவுக்குப் பின்னால் நின்ற ஞானமேரி சிரிப்பு வெளியே கேட்டுவிடாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தர்மன் ஆறுதல் சொல்லிவிட்டு, கேட்டு வாங்கிய மோரைக் குடித்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் இரண்டு பேரும் கோயிலுக்கு நடந்தே போனார்கள். கையத்தண்டி மெழுகுவர்த்தியை ஞானமேரி அந்தோணியார் முன்னால் ஏற்றினாள். தாமதமானாலும் தீர்ப்பு நல்லபடியாகச் சொன்னதற்கு நன்றி சொன்னாள். எழுந்து திரும்பினால், சவரி சட்டைப்பையிலிருந்து இன்னொரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டிருந்தான். சின்னது, கடையில் கிடைத்தது.

"இது யாருக்குங்க?" என்று கேட்டாள்.

"பேரு தெரியாது" என்று சொல்லிவிட்டு அவன் அதை அவள் மெழுகுவர்த்தியிலிருந்து பற்றவைத்தான்.